கையைப் பார்க்கும் ஓநாய்

நாய்க்காரம்மா என்றால் ஸ்டூடியோவில் எல்லோருக்கும் தெரியும். வாசல் காவலாளி முதல் முதலாளி வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாய்கள் தங்கும் விடுதி ஒன்றில் கூண்டு கழுவப் போனவர், கடிபட்டுக் கடிபட்டே தொழிலைக் கற்றுக்கொண்டார். கணவர் போன பிறகு நாத்தனாரும் அவருமாக ஒரே வீட்டில் இருந்தார்கள். சண்டை போட வேறு ஆள் இல்லாததால் இருவரும் ஒருவரை ஒருவர் பத்திரமாகவே பார்த்துக்கொண்டார்கள்.

தொலைக்காட்சியில் ஓடிய மாயாஜாலத் தொடரில், நாடு கடத்தப்பட்ட இளவரசிக்குத் துணையாக ஒரு ஓநாய் வரும். பெயர் காவலன். அது இவர் பழக்கிய நாய்தான். சாம்பல் நிறம், கன்றுக்குட்டி உயரம். இளவரசிக்காக அது தீயைத் தாண்டும், ஆற்றில் குதிக்கும். பார்க்கிற பிள்ளைகள் அதன் விசுவாசத்தில் சொக்கிப் போனார்கள். உண்மையில் அது இளவரசியை ஏறிட்டுக்கூடப் பார்த்ததில்லை. அதன் கண் எப்போதும் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கும் நாய்க்காரம்மாவின் வலது கையில்தான். ஒலிப்பதிவு நடக்கும்போது வாயைத் திறக்க முடியாதே. அதனால் எல்லா உத்தரவும் கையால். விரித்த உள்ளங்கை அசையாமல் நின்றால், நில். கையை மூடினால், படு. விரல்கள் ஆடினால், பாய்.

கோளாறு மந்திரவாதியின் காட்சியில் தொடங்கியது. வில்லன் வேஷம் கட்டிய பெரியவர் அவர். வேஷம் கலைத்த பிறகும் மந்திரவாதிதான். அவர் நீளமாக வசனம் பேசிக்கொண்டிருக்க, நிற்க வேண்டிய நாய் பாய்ந்து அவரைத் தள்ளிவிட்டது.

"என் வசனம் அதுக்கே பொறுக்கலை," என்று அவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த முறை தூங்கும் இளவரசியின் மேல் பாய்ந்தது. சட்டைக் கை கிழிந்து, முழங்கை வரை நகக்கீறல். அப்போது யாரும் சிரிக்கவில்லை. டைரக்டர் நாய்க்காரம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா, இது கம்பெனி நாய். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, ஊசி போட்டுக் கொன்னுடச் சொல்லிடுவாங்க. நான் தடுக்க முடியாது."

"அது யாரையும் கடிக்கலையே சார்."

"கடிக்கிற வரைக்கும் காத்திருக்கச் சொல்றீங்களா?"

நாய்க்காரம்மா நாயின் காதைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், பாதத்தில் முள் இருக்கிறதா என்று தடவினார். ஒன்றுமில்லை. ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. சின்ன ஷாட்டுகளில் நாய் ஒழுங்காகவே இருந்தது. இழுத்துக்கொண்டு போகிற ஷாட்டுகளில்தான் பாய்ந்தது.

அன்று மாலை காய் நறுக்கிக்கொண்டிருந்த நாத்தனார் கத்தியைக் கீழே வைத்தார். ஆஸ்பத்திரி வார்டில் காலமெல்லாம் வேலை பார்த்தவர் அவர்.

"அண்ணி, கையில என்ன உருட்டறீங்க?"

"ஒண்ணுமில்லையே."

"அதான் கேக்கறேன்."

மடியில் கிடந்த வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரலோடு உரசி, இல்லாத மாத்திரை ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தது. பார்த்ததும் நின்றது. பேச்சு மாறியதும் மறுபடி தொடங்கியது.

"குளிருது, அதான்."

"ஃபேன் போட்டும் வேர்த்து ஊத்துது, இவங்களுக்குக் குளிருதாம். இந்த மாதிரி கையை நான் நிறையப் பாத்திருக்கேன். நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்."

"நாளைக்கு ஷூட்டிங் இருக்கு."

"அது எங்கேயும் ஓடிப்போகாது. கையில இருக்கிறதும்தான்."

மறுநாள் காலை அவர் ஸ்டூடியோவுக்குத்தான் போனார். நாய்க்கொட்டகைக்குப் பின்னால், யாரும் இல்லாத இடத்தில் நாயை நிறுத்தி, உள்ளங்கையை விரித்தார். கை கல் மாதிரி நின்றது. அவருக்கு மூச்சு வந்தது. ஆனால் கையை இறக்கவில்லை. கையைப் பார்க்காமல் நாயின் பின்னங்கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நாயின் காது நிமிர்ந்தது. பின்னங்கால்கள் மெல்ல மடங்கின. அவர் திரும்பிக் கையைப் பார்த்தார். விரல்கள் அவரைக் கேட்காமலே ஆடிக்கொண்டிருந்தன. மூடுவதற்குள் நாய் அவர் நெஞ்சின் மேல் இரண்டு காலையும் போட்டு, பாராட்டுக்காக வாலை ஆட்டியது.

சொல்லாவிட்டால் நாய் போகும். சொன்னால் வேலை போகும். மூன்றாவதாக ஒரு வழியையும் அவர் முயன்று பார்த்தார்: விளக்குக் கம்பத்தில் கையை அழுத்திப் பிடித்தார். கம்பமும் சேர்ந்து ஆடியது.

அன்றைய காட்சியில் மந்திரவாதி மல்லாந்து கிடக்க வேண்டும்; திறந்த கழுத்துக்கு மேலே ஓநாய் நிற்க வேண்டும். இளவரசி பேசி முடிக்கும் வரை வெட்டாமல் எடுப்பதாக டைரக்டர் சொன்னார்.

"அம்மா, உங்க பிள்ளை காலையில சாப்பிட்டானா?" தரையில் கிடந்தபடி மந்திரவாதி கேட்டார். "இல்லைன்னா சொல்லிடுங்க, நான் வீட்டுக்குப் போறேன்."

நாய்க்காரம்மா கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கேமரா ஓடியது. உள்ளங்கையை விரித்தார். இளவரசி பேசத் தொடங்கினாள். அவர் நாயின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். காது நிமிர்ந்த உடனே கையை மூடினார். நாய் பொத்தென்று மந்திரவாதியின் நெஞ்சிலேயே படுத்துவிட்டது.

"கட். இந்த நாய்க்கு என்னதான் ஆச்சு?"

"நாய்க்கு ஒண்ணும் ஆகலை சார்."

அவர் போய் நாயின் கழுத்துப்பட்டையை, எழுந்து உட்கார்ந்த மந்திரவாதியின் கையில் கொடுத்தார். "ரெண்டு கையாலயும் பிடிங்க. விட்டுடாதீங்க." பிறகு தன் இடத்துக்குத் திரும்பி, எல்லோரும் பார்க்கும்படி உள்ளங்கையை நீட்டினார்.

"இதைப் பாருங்க."

கை அசையாமல் நின்றது. யாரோ இருமினார்கள். டைரக்டர் பொறுமை இழந்து எதையோ சொல்ல வாயெடுத்தார். அப்போது சுண்டுவிரல் அசைந்தது. பிறகு மற்றவை. நாய் முன்னால் எகிறியது. மந்திரவாதியின் குதிகால்கள் தரையில் இழுபட்டன.

"அம்மா, பாத்தாச்சு, கையை இறக்குங்க."

அவர் கையை மூடினார். மூடிய கையும் ஆடியது. நாய் பாதி படுத்தது, எழுந்தது, மறுபடி பாதி படுத்தது.

"படுடா," என்றார் வாய்விட்டு. வார்த்தையால் அதற்கு எதையும் அவர் சொல்லிக்கொடுத்ததில்லை. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

நாய் ஒரு உதறலில் பிடியை விடுவித்துக்கொண்டு வந்தது. அவரைச் சுற்றிப் பின்பக்கம் போய், அந்தக் கைக்கு எதிரே நின்றது.