தோட்டா பெல்ட்டுக்கு வைத்த பொட்டு

1973 அக்டோபர் 5, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு இருபது. வெளியே தூறல். ஹீட்டர் சரியாக வேலை செய்யாததால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்திருந்தது. நியூ ஜெர்சியில் எங்கள் அபார்ட்மெண்ட் ஹாலில் அம்மா ஆயுத பூஜைக்கு இடம் ஒழித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பத்து வயது.

அப்பா மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். தீபாவளிக்கு அடுத்த தெருவில் வெடித்தாலும் காதைப் பொத்திக்கொள்கிறவர். அவருக்கு எப்படியோ அமெரிக்க ராணுவத்தின் பழைய சாமான்கள் மேல் பித்துப் பிடித்துவிட்டது. ஞாயிறுதோறும் ஃப்ளீ மார்க்கெட் என்ற பழம்பொருள் சந்தைக்குப் போய், முதல் உலகப் போர்க் காலத்துத் தோட்டா பெல்ட், தண்ணீர்க் குப்பி, முதுகுப்பை என்று எதையாவது வாங்கி வருவார். துப்பாக்கி மட்டும் வாங்கமாட்டார். அது ஆபத்தாம்.

அந்த மாதக் கடைசியில் சென்னையில் மாமாவுக்குக் கல்யாணம். அம்மாவுக்கு ஒரே தம்பி. அம்மா மட்டும் போய்வருவதாக ஏற்பாடு. விமான டிக்கெட்டுக்கு நூற்று நாற்பது டாலர் குறைந்தது. திங்கட்கிழமைக்குள் கட்டியாக வேண்டும். அப்பா யோசித்து யோசித்து, ஒரு பெல்ட், ஒரு குப்பி, ஒரு முதுகுப்பை மூன்றையும் ஒரே செட்டாக விற்பதற்கு, பென்சில்வேனியாவில் இதே பித்துப் பிடித்த ஒருவரிடம் போனில் பேசி முடித்திருந்தார். விலை சரியாக நூற்று நாற்பது. சனிக்கிழமை காலை வந்து வாங்கிப் போவதாகச் சொல்லியிருந்தார் அவர்.

பூஜைக்கு அரிவாள்மணையும், தையல் மெஷினும், அப்பா கணக்குப் போடும் ஸ்லைடு ரூலும், கார் சாவியும் வந்து சேர்ந்தன. அம்மாவின் கண் சோபாவில் கிடந்த பெல்ட் மேல் விழுந்தது.

“இதைவிட ஆயுதம் வேற என்னடா இருக்கு நம்ம வீட்டுல? கொண்டா இங்க.”

“அது அப்பா விக்கப் போறதும்மா.”

“பொட்டு வச்சு வித்தா நல்ல விலை போகும். கொண்டா.”

கெட்டிக் கித்தானில் நெய்த பெல்ட். பத்துப் பைகள். ஒவ்வொரு பையின் மூடியிலும் கழுகு பொறித்த பித்தளைப் பொத்தான். உலர்ந்த குங்குமம் கித்தானில் ஒட்டவில்லை. அம்மா தண்ணீர் விட்டுக் குழைத்துக் கொடுத்தாள். பைக்கு ஒன்றாகப் பத்துப் பொட்டு வைத்தேன். கித்தான் குங்குமத்தைக் குடித்தது. அப்பா வேலையிலிருந்து வருவதற்குள் பொட்டுகள் ரூபாய்க் காசு அகலத்துக்குப் பரவிவிட்டன.

“அடிப்பாவி, இதுக்கு எதுக்குப் பொட்டு வச்ச?” என்று கையை நீட்டினார் அப்பா.

“பூஜையில வச்சதைத் தொடாதீங்க. காலைல புனர்பூஜை முடியட்டும், எடுத்துக்கலாம்.”

அப்பா தொடவில்லை. ஆனால் ராத்திரியெல்லாம் அவர் எழுந்து எழுந்து வந்து பார்த்தது எனக்குத் தெரியும்.

காலையில் கற்பூரம் அணைந்ததுமே ஈரத்துணியால் தேய்க்க உட்கார்ந்தார். சோப்புப் போட முடியாது. உட்புறம் மையில் குத்தியிருந்த 1918 என்ற முத்திரை அழிந்துபோகும். தேய்க்கத் தேய்க்கப் பொட்டுகள் ஒன்றோடொன்று கலந்து, பெல்ட்டின் வெளிப்புறம் முழுவதும் செம்பழுப்பாகக் கறை படிந்தது.

பத்து மணிக்குப் பென்சில்வேனியாக்காரர் வந்தார். வழுக்கைத் தலை, தடித்த கண்ணாடி. குப்பியையும் முதுகுப்பையையும் பார்த்துவிட்டு பெல்ட்டை எடுத்தார். ஜன்னலோரம் கொண்டுபோய், பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கறையை வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையில் இல்லாத தொப்பியைக் கழற்றுகிறவர்போல நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பாவம், எந்தப் பையனோ, பிரான்ஸில் விழுந்திருப்பான் என்றார் மெதுவாக. இதை நீங்கள் போனில் சொல்லவில்லையே, இருநூறு தருகிறேன் என்றார்.

காபியோடு சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மாவுக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். இருநூறு என்றதும் அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். அது ரத்தம் இல்லை, நேற்று எங்கள் வீட்டில் பூஜை, என் பையன் வைத்த குங்குமம் என்றார்.

வந்தவர் ஒரு நிமிஷம் எங்கள் மூவரையும் பார்த்தார். கோபப்படவில்லை. பெல்ட்டைப் பதமாகச் சோபாவில் வைத்தார். கறைபட்ட பெல்ட் தனக்கு வேண்டாம், மற்ற இரண்டுக்கும் அறுபது தருகிறேன் என்றார். அப்பா வாங்கிக்கொண்டார். போகும்போது, அப்பா தன் சாமான்களை வைத்திருந்த அலமாரி திறந்திருப்பதை எட்டிப் பார்த்து, இவற்றில் ஏதாவது கொடுப்பீர்களா என்று ஆசையாகக் கேட்டார். உள்ளே வரிசையாக ஆறு பெல்ட்டுகள் தொங்கின, ஒன்றிலும் கறை இல்லை.

அவை விற்பதற்கு இல்லை என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே.

கதவைச் சாத்திவிட்டு வந்து, “கேட்டியா? இருநூறு ரூபாய்க்காகப் பொய் சொல்லச் சொல்றியா?” என்று கேட்டார். டாலரை ரூபாய் என்றுதான் சொல்வார்.

“நான் ஒண்ணும் சொல்லலியே” என்றாள் அம்மா. ஆறிப்போன காபியைத் தொட்டியில் ஊற்றினாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் அப்பா உண்மையே பேசுகிறவர் என்று திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்காமலே சொன்னேன். அம்மா பேசாமல் இருந்ததும் அதே பெருமையால்தான் என்று நினைத்தேன். பெல்ட்டுகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று அலமாரியைத் திறந்து எண்ணியும் பார்த்துக்கொண்டேன்.

மாமாவின் கல்யாணப் படம் நவம்பரில் தபாலில் வந்தது. பொய் சொல்லாமல் இருப்பது ஒன்று, ஆறு பெல்ட்டையும் விற்காமல் இருப்பது இன்னொன்று என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. டிக்கெட்டுக்குக் கடைசியில் குறைந்த தொகை எண்பது டாலர்.