நல்லகாமன் வீட்டு விதை

எங்கள் ஊரில் சோளம் விதைக்கிறவர்கள் விதைக்கு வெளியே அலைவதில்லை. நல்லகாமன் வீட்டில் வாங்கிக்கொள்வார்கள். அந்த விதை தப்பாது என்று பேர். வாசலில் நின்று அள்ளிக் கொடுப்பவர் நல்லகாமன் அண்ணன். ஊர்க்கூட்டத்தில் அதற்காகவே அவருக்கு முன்னால் இடம். அந்த விதைக்காக அவர் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்லை. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

பாடு எல்லாம் அவர் மனைவி சீனியம்மாளுடையது. எனக்கு மதினி முறை. அறுப்புக்கு முன்னாலேயே இடுப்பில் பிள்ளையோடு புஞ்சைக்குள் நடந்து, திரண்ட கதிராகப் பார்த்து, இது விதைக்கு என்று அடையாளமாக நார் கட்டி வைப்பார். ஐந்து பிள்ளைகளும் அந்த நடையில்தான் வளர்ந்தன. கட்டிய கதிரைத் தனியே உதிர்த்துக் காயவைத்து, சாம்பலும் வேப்பிலையும் கலந்து தானியம் வைக்கும் மண் குலுக்கையில் கொட்டி மூடிவிடுவார். விதைப்பு வந்ததும் அதைப் புடைத்துச் சுத்தமாக்கி வாசலில் எடுத்து வைப்பதும் அவர்தான். மழை பொய்த்த வருஷம் பிள்ளைகள் பசியில் அழுதபோது முருங்கைக்கீரையை அவித்துக் கொடுத்தாரே தவிர, அந்தக் குலுக்கையைத் திறக்கவில்லை.

வெள்ளைக்காரன் சண்டை தொடங்கிய வருஷம், புரட்டாசி. கல்லுப்பட்டியில் கட்டிக்கொடுத்த மகள் சோலையம்மாளின் பிரசவத்துக்கு மதினி போயிருந்தார். அந்த நேரம் பார்த்து மழை பெய்துவிட்டது. ஊரே வாசலில் நின்றது. அண்ணன் கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார். நானும் வாங்கினேன்.

எட்டு நாளாகியும் ஒரு முளை இல்லை.

"பொம்பளை ஒழுங்கா வச்சிருந்தா இப்பிடி ஆகுமா?" என்றான் என்னோடு விதை வாங்கிய பேயாண்டி. முளைத்த வருஷமெல்லாம் அது நல்லகாமன் விதை. முளைக்காத வருஷம் மட்டும் பொம்பளை வைத்த விதை. நல்ல நியாயம்.

மறுநாள் மதினி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் நேராகக் குலுக்கையைப் பார்த்தார்.

"சாம்பல் கலந்தது எங்க?"

"குப்பையாக் கெடந்துச்சு. மாட்டுக்கு வச்சிட்டேன். சுத்தமா இருந்ததைத்தான் ஊருக்குக் குடுத்தேன்" என்றார் அண்ணன்.

"அது சோத்துக்கு வச்ச சோளம். ரெண்டு வருசப் பழசு, எப்பிடி மொளைக்கும்? எத்தனை வருசமாக் குடுக்குறீக, எது விதைன்னு எங்கிட்ட ஒருக்காக் கேட்டிருக்கீகளா?"

மதினி வாசலுக்கு வந்து மண்ணைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்த்தார்.

"இன்னும் நாலு நாளைக்குத்தான் ஈரம் நிக்கும்" என்றவர், கொண்டுவந்த மூட்டையைக்கூடப் பிரிக்காமல் திரும்பிக் கல்லுப்பட்டிக்குப் போனார். வருஷா வருஷம் மகளுக்கும் விதை கொடுத்துவிடுவார். தாயைப் போலவே அவளும் அதை விதைத்துப் பெருக்கிச் சாம்பல் கலந்து வைத்திருந்தாள். மறுநாள் சாயங்காலம் மதினி மாட்டுவண்டியில் மூட்டைகளோடு வந்து இறங்கினார். ஈரம் காய்வதற்குள் ஊர் மறுபடி விதைத்தது. ஐந்தாம் நாள் முளை வந்துவிட்டது.

தையில் கதிர் முற்றியது. கொட்டாம்பட்டியிலிருந்து வந்த ஒருவர் என் புஞ்சை வரப்பில் நின்று, "யாரு விதைண்ணே இது, இம்புட்டுத் திரட்சியா இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லகாமன் அண்ணன் வீட்டு விதை" என்றேன், வாய்ப் பழக்கத்தில்.

நாலு சால் தள்ளித் தன் புஞ்சையில் மதினி கதிருக்கு நார் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கொழுந்தனாரே, அந்த நாரை இப்பிடி எடுத்துக் குடுங்க" என்றார்.