ஆறு மதிப்பெண் வாங்கிய குழி

பெத்ரானா லாசோவா இறந்துபோன செய்தி பெத்ரானாவுக்கே போனில்தான் தெரியவந்தது. அப்போது அவள் என் மருந்துக்கடைக்குள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் எனக்குக் கொண்டுவந்த, பாலாடைக்கட்டி மடித்துச் சுட்ட சூடான பனிட்சா, இன்னொரு கையில் போன்.

எதிர்முனையில் நகராட்சிப் பெண். "அந்தப் புகார் முடிஞ்சுதுங்க. புகார் குடுத்தவங்க காலமாயிட்டாங்க."

"யாரு காலமானது? பெத்ரானா நான்தான்டி பேசுறேன்!"

"நீங்க அவங்களுக்கு என்ன உறவு?"

பெத்ரானா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை உற்றுப் பார்த்தாள். பதிலுக்குத் திட்டாமல் அவளை நான் பார்த்ததே இல்லை. தெருமுனையில் ஜன்னல் கடை போட்டுப் பனிட்சா விற்கிறவள் அவள். காலையில் அவளிடம் ஒரு வசவு வாங்கிக்கொண்டு போனால்தான் பலருக்கு வேலையே ஓடும்.

புகார் வேறொன்றுமில்லை. ஒரு மூடி. எங்கள் தெருச் சாக்கடைக் குழியின் இரும்பு மூடியை எவனோ பழைய இரும்புக்குப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டான். நாங்கள் ஓர் உடைந்த நாற்காலியைக் குழிக்குள் செருகி, சிவப்புப் பையைக் கட்டிவைத்தோம். அவள் கணவர் வெல்கோ முன்பு லாரி ஓட்டியவர். இப்போது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். இருந்தாலும் பூங்காவுக்குப் போய்ச் சொக்கட்டான் ஆடாமல் இருக்க மாட்டார். தடவிப் பார்த்தே காயை நகர்த்துவார், தடவும்போதே ஏமாற்றுவார். போகிற வழியில் கைத்தடியால் அந்த நாற்காலியைத் தட்டி, "என்ன மகாராஜா, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போவார்.

"ஒருநாள் இந்த மனுஷன் உள்ள விழப்போறார் பென்கா" என்பாள் என்னிடம். சொல்லும்போதே குரல் இறங்கிவிடும். அவர் வீடு திரும்புகிறவரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பாள். அதற்காகத்தான் நகராட்சியை அந்தப் பாடு படுத்தினாள்.

அவளை எப்படிச் சாகடித்தார்கள் என்று நானே நேரில் போய் விசாரித்தேன். எந்தத் துறை எப்படி வேலை செய்கிறது என்று மதிப்பெண் போடுகிறார்களாம், பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல. இரண்டு என்றால் தோல்வி, ஆறு என்றால் முதல் தரம். அதற்காகப் புகார் கொடுத்தவர்களின் வீடுவீடாக ஓர் ஆளை அனுப்பியிருக்கிறார்கள். இவள் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. கதவில் கறுப்புக் கரை போட்ட மரண அறிவிப்பு: பெத்ரானா லாசோவா. அது மாமியாருடைய பத்தாம் ஆண்டு நினைவுக்காக எங்கள் ஊர் வழக்கப்படி ஒட்டிய தாள்! மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பெயர். கீழே 'பத்தாம் ஆண்டு' என்று இருந்த வரியை மழை கரைத்துவிட்டது. வந்த புண்ணியவான் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டானா? இல்லை. புகார் கொடுத்தவர் இறந்தால் புகார் முடிந்தது, முடிந்த புகாரில் அதிருப்தி இல்லை, அதிருப்தி இல்லையென்றால் முழு மதிப்பெண். சாலைத் துறைக்கு ஆறு! இதை அந்த அதிகாரி சிரித்த முகத்தோடு எனக்கு விளக்கினார்.

பெத்ரானா அழவில்லை. நேரே அச்சுக்கடைக்குப் போனாள். தன் கல்யாணப் படத்தைப் போட்டு, கறுப்புக் கரை வைத்து, இப்படி அடித்து வாங்கிவந்தாள்: 'எங்கள் அன்புக்குரிய பெத்ரானா லாசோவா, மூடி வரும் வரும் என்று காத்திருந்து காலமானார். ஆழ்ந்த துயரத்துடன்: குழி.'

"நகராட்சி வாசல்ல ஒண்ணு, பஸ் நிறுத்தத்துல ஒண்ணு, என் கடையில ஒண்ணு" என்றாள். "இப்ப எப்படி மார்க் போடுறானுங்கன்னு பாக்குறேன்."

"வெல்கோ அண்ணன்கிட்ட சொல்லிட்டியா அக்கா?"

"சாயங்காலம் வரட்டும், நானே படிச்சுக் காட்டுறேன். சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறும் பாரு அவருக்கு."

தெருவே சிரித்தது. நகராட்சி வாசலில் ஆட்கள் கூடிப் படம் எடுத்தார்கள்.

ஆனால் எல்லோரும் கடைசி வரிவரைக்கும் படிப்பதில்லையே. பஸ் நிறுத்தத்தில் படத்தையும் பெயரையும் மட்டும் பார்த்த ஒரு பழைய லாரிக்காரர், பூங்காவுக்குப் போய்த் தொப்பியைக் கழற்றியிருக்கிறார். "வெல்கோ, இப்பத்தான் பாத்தேன்பா. கடவுள் அவ பாவத்தை மன்னிச்சு ஏத்துக்கட்டும்."

"யாரை?"

"உன் பெத்ரானாவை."

வெல்கோ எழுந்தாராம். சொக்கட்டான் பலகை கவிழ்ந்தது. கூட ஆடியவர் கத்தக் கத்த, கைத்தடியை பெஞ்சிலேயே விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்.

நான் கடை வாசலிலிருந்து பார்த்தேன். "பெத்ரா! பெத்ரா!" என்று கத்திக்கொண்டே நடுத்தெருவில் ஓடி வந்தார். "அண்ணே, நில்லுங்க!" என்று அலறினேன். தன் கடை ஜன்னலுக்குள்ளிருந்து பெத்ரானாவும், "நான் இங்கதான்யா இருக்கேன், ஓடாதே!" என்று கத்தினாள். அவள் குரல் கேட்டதும் அவர் முகத்தில் வந்த அந்தச் சிரிப்பு! குரல் வந்த திசைக்கு நேராகத் திரும்பினார். நடுவில் நாற்காலி இருந்தது. அது முறிகிற சத்தம் கேட்டது. பிறகு ஆளைக் காணோம்.

தெருவே சேர்ந்து அவரைத் தூக்கியபோது அவர் அவள் முகத்தைத்தான் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பு எலும்பு போய்விட்டது. இனி நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையிலேயே இரண்டு பேர் வந்தார்கள். ஒரு சிகரெட் புகைத்து முடிப்பதற்குள் மூடியைப் போட்டுவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான் வேலை, பாவிகளே!

வெல்கோவை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒருநாள், நான் ஊசி போடப் போயிருந்தபோது போன் அடித்தது. எடுத்த பெத்ரானாவின் முகம் வெளிறிவிட்டது.

"யாரு பெத்ரா?" என்றார் கட்டிலிலிருந்து வெல்கோ.

"நகராட்சி. மூடி போட்டாச்சாம். இப்ப திருப்தியான்னு மார்க் கேக்குறான்."

"இப்படிக் குடு." போனைக் காதில் வைத்துக்கொண்டார். "தம்பி, மூடி போட்டுட்டீங்களா? நல்லது. எனக்குக் கண்ணு தெரியாது பாரு, காதால கேட்டுட்டு மார்க் போட முடியாது. நான் நடந்து போய், தடியால தட்டிப் பாத்துட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் போனை வைக்காதே, என்ன?"

போனைத் தலையணைமேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "ஐயா? ஐயா, இருக்கீங்களா?" என்று அதற்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் மூன்று பேருமே அதை எடுக்கவில்லை.