வராத தண்ணீரும் அம்மாவின் சந்தேகமும்

முதலாண்டு நினைவு மலர் அச்சிடுவது என்று முடிவானதும், அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுது என்றார்கள் உறவினர்கள். நல்லது எழுத நிறைய இருக்கிறது. ஆனால் அம்மாவின் சந்தேகத்தை விட்டுவிட்டு எழுதினால், அவர்களை அறிந்த ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

அம்மா பிறந்தது பூதப்பாண்டியில். வாழ்க்கைப்பட்டது சுசீந்திரத்துக்குப் பக்கத்தில், எட்டு மரக்கால் விதைப்பாடு வயலும் ஓட்டு வீடுமாக இருந்த குடும்பத்தில். எனக்கு ஏழு வயதாகும்போது அப்பா தவறிவிட்டார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று நெல்லின் இரண்டு பருவமும் தாமே வரப்பில் நின்று விளைவித்து, என்னை ஆசிரியர் பயிற்சி வரை படிக்க வைத்தார்கள். ஆண் துணையில்லாத வீட்டில் யாரையும் சட்டென்று நம்பிவிட முடியாது. அந்தப் பழக்கம் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

நாகர்கோவில் எங்கள் பக்கமாக வளர்ந்து வந்தபோது அந்தச் சந்தேகம் முற்றிப்போயிற்று. சுற்றியிருந்த வயல்கள் மண்ணடித்து மனைகளாயின. ஆளுக்கொரு ‘நகர்’ போர்டு நட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் மஞ்சளித்தது. பாசனச் சானலில் தண்ணீரோடு டயப்பரும் பிளாஸ்டிக் கவரும் மிதந்து வந்தன. கேன் தண்ணீரை அம்மா மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்கள். தெருவில் புது ஆள் யாராவது சிரித்தால் நிலத் தரகன் என்பார்கள். தரகன் சிரிக்காமல் போனால், வேறெங்கோ காரியத்தை முடித்துவிட்டான் என்பார்கள். பாதிக்கு மேல் அவர்கள் சொன்னபடியே நடந்ததால் நான் மறுத்துப் பேசியதில்லை.

பிறகு எங்கள் வயலுக்குத் தண்ணீர் வராமல் போயிற்று. சானலில் இருந்து பிரியும் வாய்க்கால் முதலில் எங்கள் ஊர்க்காரரான தங்கப்பன் மாமாவின் வயலைத் தொட்டு, புது மனைகளுக்கு இடையே புகுந்து, கடைசியில் எங்கள் வயலுக்கு வரும். அந்த மனைகளில் ஒன்றில்தான் என் கணவரின் மஸ்கட் சம்பாத்தியத்தில் நாங்கள் வீடு கட்டியிருக்கிறோம். தங்கப்பன் மாமா வயலில் தண்ணீர் நிற்கிறது. எங்கள் வயல் வெடித்துக் கிடக்கிறது. நம்மைக் காயப்போட்டு விற்க வைக்கத் தரகனோடு சேர்ந்து அவர்தான் அடைக்கிறார் என்று அம்மா முடிவுகட்டினார்கள். நானும் நம்பினேன். ரேஷன் கடை வரிசையில், ஊரே கேட்க, அம்மா அவரைத் “தண்ணிக் கள்ளன்” என்றார்கள். அவர் பதில் பேசவில்லை. பேசாததே எங்களுக்குச் சாட்சியாயிற்று. அந்தப் பெயர், அவர் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் காதுவரை போய், சம்பந்தம் கலைந்தது.

இரண்டு பருவம் பயிரில்லை. அம்மாவுக்கு உடம்பு விழுந்துவிட்டது. நெஞ்சுவலி வந்த அன்று அவர்களை ஆட்டோவில் தூக்கி ஏற்றியவர் தங்கப்பன் மாமாதான். தினமும் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு வந்தார். எனக்கோ, வயலை விற்கக் கையெழுத்து வாங்க வருகிறாரோ என்ற நினைப்பு. அவர் வெளியே போன நேரம் பையைத் திறந்து, காகிதம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் பார்த்தேன்.

ஒரு மாலை அவர் போனபின் அம்மா என் கையைப் பிடித்தார்கள்.

“அடச்சது அவன் இல்ல மக்ளே. உன் வாசல்ல வண்டி கேற குழாய் போட்டு மண்ணு நெரத்துனியே, அதுலதான் தடுத்து நிக்கு. அதான் அவன் வயல்ல தண்ணி கெட்டிக் கெடக்கு. போன கும்பப்பூவுலயே எறங்கிப் பாத்துட்டேன்.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா ஊரு உன்னச் சொல்லும். யாருட்டயும் வாயத் தொறக்காத. பழி அவன் தலையிலயே கெடக்கட்டு.”

அதற்கு நான்காம் நாள் அம்மா இறைவனடி சேர்ந்தார்கள்.

என் மேல் வைத்த பாசத்தில் சொன்னதுதான். அதை நினைத்து அழுதேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. ஆனாலும் ஒரு வருடம் நானும் வாயைத் திறக்கவில்லை. தினமும் அந்த வழியே போகிற தங்கப்பன் மாமாவுக்குக் குழாய் விஷயம் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் ஏன் பேசவில்லை என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கேட்கத் தைரியமும் இல்லை.

அம்மாவைக் கவனித்த மருத்துவர், செவிலியர், பதினாறாம் நாள் காரியம் வரை உடனிருந்த அக்கம்பக்கத்தார், உறவினர் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தங்கப்பன் மாமாவுக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கில்லை. தண்ணீரை அடைத்தது நான், அவரல்ல. அம்மா சொல்லை மீறி இதை அச்சில் போடுகிறேன், அவர்கள் என்னை மன்னிக்கட்டும்.

நினைவு நாளுக்கு வருகிறவர்கள் வண்டியை ரோட்டிலேயே நிறுத்த வேண்டும். வாசல் குழாயை உடைத்தாயிற்று. பலகை போட்டிருக்கிறோம், பார்த்துக் கால் வையுங்கள். கீழே தண்ணீர் ஓடுகிறது.