தலைவர் பிரித்துக் கொட்டிய மூட்டைகள்

கரிமுகப் பெருமானை வணங்கி, காவிரி நீராய் வந்து எங்களை ஊட்டி வளர்க்கும் ஈசன் திருவடியைச் சிரமேல் கொண்டு இதனை எழுதத் தொடங்குகிறேன்.

மாசி மாதம், பௌர்ணமியும் மகமும் கூடிய நன்னாள். திருக்குளத்தில் நீராடி, நீறு பூசிக்கொண்டு நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். வயதில் மூத்தவன் என்று வரிசையைக் கவனிக்கும் பொறுப்பை விவசாயிகள் என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

அன்று முறை, கடைமடையில் குத்தகைக்குப் பயிரிடும் ஒருவருடையது. அவருடைய சம்பா நெல் முழுவதும் வெட்டவெளியில் குவிந்து கிடந்தது. போர்த்துவதற்குக் கிழிந்த தார்ப்பாய் ஒன்றுதான். கிழக்கே வானம் கறுத்து வந்தது. நெல் நனைந்தால் ஈரப்பதம் ஏறும்; நிலையத்தில் எடுக்க மாட்டார்கள்; குவியலிலேயே முளைத்துவிடும். சாக்குகளோ ஒரு குவியலுக்கு மட்டுமே வந்திருந்தன.

அப்போதுதான் நான் அந்தப் பிழையைச் செய்தேன். கோயிலில் முதல் பரிவட்டம் ஊர்த் தலைவருக்கே என்று பழகிய மனம். ஊராட்சித் தலைவரின் குவியல் நாலைந்து பேருக்குப் பின்னால் இருந்தது. அவர் கேட்கவில்லை, அவருக்குத் தெரியவும் தெரியாது. “தலைவர் நெல்லை முதல்ல மூட்டை பிடிங்க” என்று சுமை தூக்குவோரிடம் சொல்லிவிட்டேன். குத்தகைக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கிழிந்த தார்ப்பாயை இழுத்துத் தம் நெல்மேல் போர்த்தத் தொடங்கினார்.

தலைவர் நாற்பது வயதுப் பெண்மணி. அவருடைய தாயார் எங்கள் வயலில் நடவு நட்டவர். பாதி மூட்டைகள் தைத்த பிறகே அவர் அங்கு வந்து சேர்ந்தார்.

“யார் சொல்லி இதைப் பிடிச்சீங்க?”

“நான்தாம்மா. ஊருக்குத் தலைவர் இல்லையா?”

“பரிவட்டம் கட்டணும்னா கோயில்ல கட்டுங்க ஐயா. இது தராசு.” சுமைக்காரர்கள் பக்கம் திரும்பினார். “பிரிச்சுக் கொட்டுங்கண்ணே. சாக்கு அவருக்கு வேணும்.”

“சீக்கிரம் தைன்னு விரட்டுற தலைவரைப் பாத்திருக்கோம். பிரிக்கச் சொல்ற தலைவரை இப்பதான்க்கா பாக்குறோம்” என்றார் ஒருவர்.

“பேசிக்கிட்டே பிரிங்கண்ணே. மழை நம்ம பேச்சைக் கேட்டுக்கிட்டு நிக்காது.”

தாமே அரிவாள் எடுத்துத் தையலை அறுத்தார். குத்தகைக்காரரின் கடைசி மூட்டை லாரியில் ஏறியபோது முதல் தூறல் விழுந்தது. தலைவரின் குவியலுக்கு அடியில் தண்ணீர் புகுந்தது.

மழை விட்டதும் அவரும் கணவரும் அந்த நெல்லைத் தார்ச்சாலையில் பரப்பிக் காயவைத்தார்கள். இருமுறை ஈரப்பதம் கூடுதலென்று நிலையத்தில் திருப்பியனுப்பினார்கள். திருப்பியனுப்ப நிலைய எழுத்தர் தயங்கியபோதும், “எல்லாருக்கும் உள்ள அளவுதாங்க எனக்கும்” என்று சொல்லித் திரும்பவும் அள்ளிக்கொண்டு போனார். மூன்றாம் முறைதான் நெல் எடுபட்டது.

அந்த நெல் காய்ந்துகொண்டிருந்தபோதே ஒருநாள் சாலையோரம் நின்று மன்னிப்புக் கேட்டேன். “அதை விடுங்க ஐயா, அந்தப் பக்கம் கொஞ்சம் கிளறி விடுங்க” என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு நெல்லில் இறங்கினேன். அருகில் குத்தகைக்காரரும் ஏற்கெனவே கிளறிக்கொண்டிருந்தார். இப்படியொருவரைத் தலைவராகக் கொண்ட ஊரில் நானும் ஒருவன் என்ற பெருமிதத்தில் அன்று என் நெஞ்சு நிமிர்ந்தது.

இதைப் படிப்போர் இல்லங்களில் பத்தாயம் நிறைக. அவர்களை ஆள்வோர் நெஞ்சில் அறம் நிலைக்க. எல்லோரும் ஈசன் அருளால் நீடு வாழ்க.