துணை அதிபர் போட்ட கையெழுத்து

நேற்று ஈசூனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் ஏதோ ஒரு வெளிநாட்டு அரசியல் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு துணை அதிபர் நடந்துகொண்டே ஒரு கோப்பில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் வந்த உதவியாளப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான் காட்சி. எனக்கு உள்ளங்கை இரண்டும் வேர்த்துவிட்டன. "என்னம்மா, ஏர்கான் போதலையா?" என்றாள் மகள். எண்பது வயதில் டிவி நாடகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? காபி சூடு என்று சமாளித்தேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. நானும் ஒரு காலத்தில் துணை அதிபருக்குக் காரியதரிசியாக இருந்தவள்தான். வாரத்துக்கு அரை மணி நேரம், கறுப்பு வெள்ளையில்.

அறுபதுகளின் கடைசி. தொலைக்காட்சி நம் ஊருக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் தமிழ் நாடகத்தை முன்கூட்டிப் பிடித்து வைக்கும் வசதியெல்லாம் கிடையாது. நடிக்க நடிக்க அப்படியே வீடுகளுக்குப் போகும். தும்மினால் தும்மலும் போகும். கதை ஒரு கற்பனைத் தீவு நாட்டில் நடந்தது. எழுதியவர் ஒரு பள்ளி ஆசிரியர், மிகவும் பயந்த மனிதர். அமைச்சர் என்று எழுதினால் யாராவது தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடுவார்களாம். அதனால் நம் ஊரில் இல்லாத பதவியாகப் பார்த்துத் துணை அதிபர் என்று வைத்தார்.

துணை அதிபராக நடித்தவர் ராமலிங்கம் அண்ணன். பகலில் வடக்கே வெள்ளைக்காரர்களின் கப்பற்படைத் தளத்தில் ஸ்டோர் கிளார்க். நான் அதே தளத்தில் டைப்பிஸ்ட். சிராங்கூன் சாலையிலிருந்து காலையில் ஒரே பஸ்ஸில் போவோம். நான் கடைசி சீட்டில் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சத்தமாகப் பேசிக்கொண்டு வருவதைக் கேட்டுத்தான், "ஒனக்கு நல்ல குரல் தங்கச்சி, டிவிக்கு வா" என்று கூப்பிட்டார். என் வாயாடித்தனத்துக்குக் கிடைத்த ஒரே பரிசு அது.

மேக்கப் போடும் அறையில் ஒரு மாவு வாசனை இருக்கும். அதை நினைத்தால் அடுத்து வருவது கார்பன் தாள் வாசனை. ஏன் என்று சொல்கிறேன். வெள்ளைக்காரர்கள் தளத்தை விட்டுப் போகப் போகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். யார் யாருக்கு வேலை போகும் என்பதுதான் தெரியாது. ஒரு திங்கட்கிழமை எங்கள் நான்கு பேரை ஒரு தனி அறைக்குக் கொண்டுபோனார்கள். ஜன்னல் சாத்தியிருந்தது. "இங்க அடிக்கிறது இங்கயே இருக்கணும். வெளிய போச்சுன்னா மொதல்ல ஒங்க வேலைதான் போகும்" என்றார் தலைமைக் குமாஸ்தா. பேர் பேராக வேலை நீக்கக் கடிதங்கள். கார்பன் தாளில் பெயர்கள் தெரியும் என்பதால் சாயங்காலம் அவற்றை எங்கள் கண் முன்னாலேயே எரித்தார்கள். இரண்டாம் நாள் நான் அடித்த கடிதம் ஒன்று ராமலிங்கம் அண்ணனுக்கு.

அந்த வாரம் முழுக்க பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். தோ பாயோவில் அரசாங்க வீட்டுக்கு எழுதிப் போட்டிருப்பதாகவும், பெரிய பெண்ணைப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்ற வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டு வந்தார். நான் விரல்களை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன், கார்பன் கறையில் அவர் பெயரே தெரிந்துவிடும் என்பதுபோல. "என்ன தங்கச்சி, இந்த வாரம் ஒரே அமைதி?" என்றார். பல்வலி என்றேன்.

கடிதங்கள் கொடுக்கப்பட்ட நாள், எங்கள் நாடக நாளாக அமைந்துவிட்டது. மத்தியானம் அவர் கைக்குக் கடிதம் போயிருக்கும். இன்று நடிக்க வரமாட்டார் என்று நினைத்தேன். பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். ஸ்டூடியோ வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அந்தக் காலத்து ஆபீஸ் கடிதங்களில் அடியில் ஓரமாக, டைப் அடித்தவரின் இனிஷியல் இருக்கும்.

அன்றைய காட்சியைக் கேளுங்கள். துறைமுகத் தொழிலாளர்களை வேலையிலிருந்து நீக்கும் ஆணை. நான் அதைத் துணை அதிபர் முன்னால் வைத்து, "தாங்கள் கையொப்பமிட வேண்டும், ஐயா" என்று சொல்ல வேண்டும். அவர், "நாட்டின் நலன் கருதி இதைச் செய்கிறேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் நடப்பதைப் பார்த்து ஆசிரியர் முன்பே எழுதியிருந்தது.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தூணுக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுப்பவர் பக்கங்களைப் புரட்டும் சத்தம் எனக்குக் கேட்டது.

"இத யாரும்மா டைப் அடிச்சது?"

செந்தமிழ் பேசும் துணை அதிபர் பஸ்ஸில் பேசும் தமிழில் கேட்டார். ஜன்னல் சாத்திய அறை, எரிந்த கார்பன், தலைமைக் குமாஸ்தா எல்லாம் கண் முன்னால் வந்தன. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"நான்தாண்ணே."

"பேரெல்லாம் படிச்சியா?"

"படிச்சேன்."

என் முகத்தைப் பார்த்தார். கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, "சரி, எடுத்துட்டுப் போ" என்றார். இசை வந்தது.

தயாரிப்பாளர் ஓடி வந்தார். "துணை அதிபரப் போயி அண்ணேங்கிறியே, எந்த நாட்டுலம்மா இது?" என்று கத்தினார். அதற்குள் டெலிபோன் அடித்தது. யாரோ பார்த்துவிட்டு, நடிப்பு பிரமாதம் என்று சொன்னார்களாம். ராமலிங்கம் அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து ஆபீசில் கதவு திறக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. மூன்றாம் நாள் தலைமைக் குமாஸ்தா என் மேசைக்கு வந்து நின்றார். "டிவில பாத்தேன். நல்லா செஞ்ச" என்றார். போகும்போது திரும்பி, "நாடகத்துல வந்தது நாடகத்தோட போவட்டும்" என்றார். அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா வந்து, "ஒன்னத் தேடி யாரோ வந்திருக்காங்க" என்றார். எட்டிப் பார்த்தால் ராமலிங்கம் அண்ணன். சமையலறையில் போய் நின்றுகொண்டேன். அம்மா அதட்டிய பிறகுதான் வெளியே வந்தேன். அவர் கையில் ஒரு பழுப்பு உறை.

"வேலைக்கு ஒரு மனு அடிச்சுத் தரணும் தங்கச்சி. ஒன் டைப்புல தப்பே இருக்காது. பாத்திருக்கேன்."

நான் டைப்பிங் படித்த மாடி வகுப்புக்கு அவரை அழைத்துப் போய் அடித்துக் கொடுத்தேன். தப்புத் தப்பாக அடித்து நாலு தாளை வீணாக்கினேன். "அண்ணே, அன்னைக்கி ஏன்..." என்று ஆரம்பித்தேன்.

"பஸ்ஸுலயே கேக்கணும்னுதான் பாத்தேன். கேட்டிருந்தா அடுத்த நிறுத்தத்துல எறங்கி ஓடியிருப்ப" என்று சிரித்தார். "ஒரு வாரமா பல்வலி பல்வலின்னியே. அதான் பல்வலியா?"

நான் அழுதுவிட்டேன். அவர் மனுவில் எழுத்துப்பிழை பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

நாடகத்தில் மிச்சமிருந்த இரண்டு வாரமும் வந்து ஓர் எழுத்துப் பிசகாமல் நடித்துக் கொடுத்தார். எல்லைக்கு அப்பால் ஜொகூரில் ஒரு மரக் கம்பெனியில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார். சில தீபாவளிகளுக்கு வாழ்த்து அட்டை வந்தது, பிறகு நின்றுவிட்டது. எனக்கும் ஒருநாள் வேலை நீக்கக் கடிதம் வந்தது. அடியில் யாருடைய இனிஷியல் என்று நான் பார்க்கவில்லை.

அந்த ஸ்டூடியோ இப்போது இல்லை. டைப்பிங் மாடியில் கைப்பேசி பழுது பார்க்கிறார்கள். அந்த நாடகத்தில் ஒரு நிமிடம்கூட எங்கும் பதிவாகவில்லை. என் தங்கை அன்று சமூக நிலையத்து டிவியில் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்தவள். "அவரு அந்தப் பேப்பரக் கிழிச்சுப் போட்டாருலா! எல்லாரும் கை தட்டுனோம்லா!" என்று இன்றும் அடித்துச் சொல்கிறாள். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். அன்று பார்த்த இன்னும் இரண்டு பேரைக் கேட்டேன். அவர்களும் கிழித்தார் என்றுதான் சொன்னார்கள். அவர் கிழிக்கவில்லை. பேனா முனை தாளில் இரண்டு இடத்தில் குத்தி நிற்க, தன் முழுப் பெயரையும் எழுதினார். பக்கத்தில் நின்று பார்த்தது நான். போட்டுக் காட்டத்தான் பதிவு ஒன்றும் இல்லை.