பாவாடை நாடா இறுக்கும் இடம்

வயிறு ஒட்டிப்போன ஒரு சின்னக் களிம்பு ட்யூபைக் கைக்குட்டையில் சுற்றி, தையல் மெஷினுக்கு அடியில் என் கைக்குள் திணித்தார் எங்கள் லைன் சூப்பர்வைசர் அக்கா. தாம்பரம் பக்கத்தில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் நான் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் எனக்குப் படர்தாமரை வந்திருந்தது. ஓரம் சிவந்து, நடுவே செதில் உதிரும் வட்டம். வேர்வை பட்டால் அரிப்பு பிடுங்கித் தின்னும். சொறிந்த விரலை முகர்ந்துவிட்டு எனக்கே குமட்டியிருக்கிறது.

“யார்கிட்டயும் காட்டிக்கினு நிக்காத. இத்தப் போடு. ரெண்டே நாளு, இருந்த எடம் தெரியாது” என்றார் அக்கா.

உண்மையிலேயே தெரியவில்லை. அரிப்பு நின்றதும் நானும் நிறுத்தினேன். பத்து நாளில் வட்டம் இன்னும் பெரிதாகத் திரும்பி வந்தது, மறுபடி ட்யூப். ஒரு கோடை முழுக்க இப்படியே ஓட்டினேன். பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடி வீடு எங்களுடையது. வராந்தாக் கொடியில் பாவாடையை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று புடவைக்கு அடியில் ஒளித்துத்தான் போடுவோம். அது எங்கே காயும்? ஈர நாடாவையே இழுத்துக் கட்டிக்கொண்டு வேலைக்கு ஓடுவேன். என்ன மானமோ, கருமம்.

ஒன்றரை வயது மகளை இடுப்பில்தான் தூக்கி வைத்திருப்பேன். ஒருநாள் குளிப்பாட்டும்போது அவள் தொடையில் அதே வட்டம். என் இடுப்பில் அவள் தொடை உரசும் அதே இடம். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. அந்த ட்யூபையே அவளுக்கும் தடவினேன். கொஞ்ச நாளில் வயிறு வரை ஏறிவிட்டது. பிள்ளை தூங்காமல் அழுதது, சொறிந்த இடமெல்லாம் நீர் கசிந்தது.

தோல் டாக்டரம்மா ட்யூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. அரிப்பை அமுக்கிட்டு நோயைப் பரவ விட்டுடும். குழந்தைக்குப் போய்ப் போட்டிருக்கீங்களே” என்றார். வேறு மருந்து எழுதினார். தடம் மறைந்த பிறகும் சொன்ன நாள்வரை தடவ வேண்டும், ஒருவர் துண்டை இன்னொருவர் தொடக் கூடாது, துணி வெயிலில் முழுசாகக் காய வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் கம்பெனிக் கழிவறைப் பக்கம் அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். “என் பொண்ணு ஒடம்பெல்லாம் வந்துகீது. இன்னாக்கா குடுத்த நீ?”

அக்கா புடவையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். இடுப்பைச் சுற்றிக் கறுத்து, தோல் மெலிந்து, வரிவரியாகப் பிளந்திருந்தது.

“பதினோரு வருஷமா கீது. எனக்கு அடங்குதேன்னுதான் உனக்கும் குடுத்தேன்.”

என் கால் தானாக ஓரடி பின்னால் போனது. அதை அவர் பார்த்துவிட்டார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். உடம்பில் ஒரு தடமும் இல்லை. பாவாடையை நான் கொடியில் முன்னால்தான் போடுகிறேன், எவர் பார்த்தால் என்ன. அருவருப்பு இன்னும் போகவில்லை, அது இப்போது என்மேல்தான். அக்கா புடவையை விலக்கிக் காட்டிய அன்றைக்கு டாக்டரம்மாவின் முகவரிச் சீட்டு என் கைப்பையில்தான் இருந்தது. அதை அக்காவிடம் நான் கொடுக்கவில்லை.